ஓரத்தில் நின்ற மகாராஜா

கிரிக்கெட்டில் பன்னிரண்டாவது ஆள் மட்டை பிடிப்பதில்லை. தண்ணீர் கொண்டுவருவார், கையுறை மாற்றிக் கொடுப்பார், எல்லைக்கோட்டுக்கு வெளியே போய்விடுவார். யூபிசாஃப்ட் நிறுவனம் 2015-ல் வெளியிட்ட 'அசாசின்ஸ் கிரீட் சிண்டிகேட்' வீடியோ கேமின் முதன்மைக் கதையில், சீக்கியப் பேரரசின் கடைசி மகாராஜா துலீப் சிங்குக்குக் கிடைத்த இடம் அதுதான்.

விருத்தாசலம் பக்கத்து மங்கலம்பேட்டையில் என் அக்கா மகன் அதை ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். "இவரு நெஜமாவே இருந்தவரா மாமா?" என்று கேட்டான். இருந்தவர்தான் என்று ஆரம்பித்தேன். ராத்திரி சாப்பாடு வரை பேச்சு நீண்டது.

கதை நடப்பது 1868-ன் லண்டனில். ஜேக்கப், ஈவி என்ற இரட்டையர்தான் நாயகர்கள். டிக்கன்ஸ், டார்வின், கார்ல் மார்க்ஸ், கிரஹாம் பெல் என்று பெரிய பெயர்கள் வரிசையாக வந்து வேலை கொடுக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் துலீப் சிங் ஓர் ஓரம். 2016 மார்ச்சில் வந்த 'தி லாஸ்ட் மகாராஜா' என்ற கூடுதல் தொகுப்பில்தான் அவருக்கு ஆட வாய்ப்பு வந்தது. பறிபோன உரிமையை மீட்க இரட்டையரின் துணையைத் தேடுகிறார்.

சின்ன வேடத்தை எடைபோட என்னிடம் ஒரே அளவுகோல்தான். அந்த ஆளுக்கென்று சொந்தமாக ஓர் ஏக்கம் இருக்கிறதா, இல்லை நாயகனுக்கு வழி காட்டும் கைகாட்டி மரமா?

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பிளாஸ்டர் அச்சுக்குள் களிமண் குழம்பை ஊற்றுவார்கள். அச்சு ஈரத்தை உறிஞ்ச, ஓரமாக மெல்லிய சுவர் கட்டும். மிச்சக் குழம்பைக் கவிழ்த்து வடித்துவிடுவார்கள். அச்சைப் பிரித்தால் மூக்கும் முழியும் அச்சு அசலாக வந்திருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. கொலுப்படிக்கு அது போதும். வாழ்ந்த மனிதரைப் பாத்திரமாக்கும்போது போதாது.

துலீப் சிங்கின் உள்ளே இருந்தது என்ன? 1838-ல் பிறந்தார். ஐந்து வயதில் அரியணை. ஒன்பது வயதில் தாய் ஜிந்த் கவுரிடமிருந்து பிரிக்கப்பட்டார். 1849-ல், பத்து வயதில், ராஜ்யத்தையும் கோஹினூர் வைரத்தையும் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1854-ல் இங்கிலாந்து போனவருக்கு, பட்டை தீட்டிச் சிறிதாக்கிய அதே வைரத்தை விக்டோரியா மகாராணி எடுத்துக் காட்டினார். பையன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மகாராணியின் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். தாயை மறுபடி பார்த்தது 1861-ல், கல்கத்தாவில். இரண்டே வருடத்தில் அந்தத் தாயும் லண்டனில் இறந்துபோனார்.

முதன்மைக் கதை இதை ஆழமாகத் தொடவில்லை. கூடுதல் தொகுப்பு தொட்டது. அதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். ஆனால் காலக்கணக்கில் ஒரு பெரிய சறுக்கல் உண்டு. 1868-ல் நிஜமான துலீப் சிங் கலகக்காரர் அல்ல. சஃபோக்கில் எல்வெடன் பண்ணை, ஓய்வூதியம், வேட்டை என்று வாழ்ந்தவர். அவருடைய கோபம் வெளிப்படையாக வெடித்தது 1880-களில். 1886-ல் இந்தியாவுக்குக் கப்பலேறி, ஏடனில் தடுத்து நிறுத்தப்பட்டு, அங்கேயே மீண்டும் சீக்கியரானார். அந்தக் கோபத்தைத்தான் விளையாட்டு பதினைந்து வருடத்துக்கு மேல் முன்னால் இழுத்துவந்திருக்கிறது. கதைக்கு வேகம் கிடைத்தது. மெல்ல மெல்ல விழித்துக்கொண்ட ஒரு மனிதனின் நீண்ட வலி காணாமல்போனது.

இன்னொரு குறை. அவர் இங்கிலாந்தின் முன்னணி வேட்டைத் துப்பாக்கி வீரர்களில் ஒருவர். 1876-ல் ஒரே நாளில் 1,000 தோட்டாவில் 780 கவுதாரிகளை வீழ்த்தியவர் என்பது வேட்டை ஏடுகளில் பேசப்பட்ட சாதனை. நூற்றுக்கு 78! அப்பேர்ப்பட்ட குறிகாரரின் கை ஆட்டக்காரரிடம் வரவே இல்லை. அவருடைய பணிகளிலும் நாம் இயக்குவது ஜேக்கப்பையும் ஈவியையும்தான். அவருடைய சண்டையை அவருக்காக வேறு யாரோ போடுகிறார்கள்.

என் தீர்ப்பு: பத்துக்கு ஆறு. பெயரைச் சொன்னதற்கும், இழப்பைச் சொன்னதற்கும் ஆறு. அவரை அவராக ஆடவிடாததற்கு நான்கு குறைத்தேன்.

மீதி நான்கை யார் எடுப்பது? இந்த மண்ணிலேயே கதை கிடக்கிறது. 1751-ல் ஒரு படைப்பிரிவோடு விருத்தாசலம் வரை வந்துவிட்டு, கடலூர் புனித டேவிட் கோட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களான ராபர்ட் கிளைவையும் பிகாட்டையும் பாளையக்காரரின் ஆட்கள் துப்பாக்கியோடு துரத்தினார்கள். உடன் வந்த சிப்பாய்களில் பலர் விழுந்தார்கள். இருவரையும் காப்பாற்றியது குதிரையின் வேகம். அடுத்த சில வாரங்களில் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தார். துரத்தியவர்களின் பெயர் வரலாற்றில் இல்லை.

கணினி படிக்க இங்கிருந்து வெளியூர் போயிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அந்தத் துப்பாக்கிக்காரர்களில் ஒருவனுக்குப் பெயர் வையுங்கள். அவன் ஏன் துரத்தினான் என்று சொல்லுங்கள். ஆட்டத்தை அவன் கையில் கொடுங்கள்.