சுயாதீன சித்தமும் ஈச்வர ஸ்வாதந்த்ர்யமும்: எராஸ்மஸ் – லூதர் வாதம் குறித்து ஒரு விமர்சனம்

கிறிஸ்தவ மதத்தில் கிருபையைப் பற்றி எழுந்த வாதங்களை நம்மவர் எடுத்துரைக்கும்போது ஓர் ஒப்புமை தவறாமல் முன்வந்து நிற்கிறது. மனிதனுடைய சித்தத்துக்கு இடம் கொடுப்பவர்கள் மர்க்கட கிசோர ந்யாயத்தைப் பற்றியவர்கள் என்றும், தேவ சித்தமே அனைத்தும் என்பவர்கள் மார்ஜார கிசோர ந்யாயத்தைப் பற்றியவர்கள் என்றும் சொல்லி விஷயத்தை முடித்துவிடுகிறோம். ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ, பாரத தேசத்தின் கிருபா மார்க்கத்தையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்டு 1930இல் வெளியிட்ட நூலில் இந்த ந்யாயங்களை எடுத்துக்கொண்டார். ஆயினும், இரு மதங்களும் சுழலும் அச்சு வேறு என்று அவரே பிரித்துக் காட்டினார். ஒப்புமையை ஏற்றுக்கொண்ட அளவுக்கு அந்த வேற்றுமையை நாம் ஆராயவில்லை.

இதனால் விளையும் தீங்கு பிறர் மதத்தைப் பிழைபட அறிவதோடு நிற்பதில்லை. பிள்ளை லோகாசார்யர் அருளிய நிர்ஹேதுக கிருபைக்கு மேனாட்டு முன்குறிப்புக் கோட்பாட்டின் சாயலை ஏற்றினால், சிலரைத் தேர்ந்தெடுத்துச் சிலரை வேண்டுமென்றே கைவிடும் ஒருவனாக எம்பெருமானைக் கற்பித்ததாகும். ஆகையால் இவ்வொப்புமை எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நிற்கும் என்பதை அவ்வாதத்தின் இரண்டு தலையாய நூல்களில் வைத்து ஆராய்வோம்.

முதல் நூல், ராட்டர்டாம் நகரத்து எராஸ்மஸ் 1524 செப்டம்பரில் வெளியிட்ட, சுயாதீன சித்தம் பற்றிய ஆய்வுரை. இரண்டாவது, அதற்கு மறுப்பாக மார்ட்டின் லூதர் 1525 டிசம்பரில் வெளியிட்ட, அடிமைப்பட்ட சித்தம் பற்றிய நூல். நித்திய இரட்சிப்புக்கு உரியவற்றின்பால் தன்னைச் செலுத்திக்கொள்ளவோ அவற்றினின்று விலகவோ மனிதனுக்கு உள்ள ஆற்றலையே எராஸ்மஸ் சுயாதீன சித்தம் என்று வரையறுத்தார். மற்றவர்கள் போப்பாண்டவரின் அதிகாரம், பாவமன்னிப்புச் சீட்டு முதலியவற்றைப் பற்றித் தம்மோடு பூசலிட, இவர் ஒருவரே விஷயத்தின் உயிர்நிலையைத் தொட்டார் என்று லூதர் எதிரியைப் பாராட்டினார். தம் நூல்களில் இதையும் ஞானோபதேச வினாவிடையையும் தவிர மற்றவை அழிந்தாலும் குறையில்லை என்ற கருத்தை 1537இல் ஒரு கடிதத்திலும் எழுதினார்.

எராஸ்மஸின் முதன்மையான யுக்தி நம்மவருக்குப் புதியதன்று. வேதாகமம் எங்கும் "செய்", "செய்யாதே", "திரும்பி வா" என்னும் கட்டளைகள் நிறைந்துள்ளன. மனிதனால் ஒன்றும் இயலாதாயின் இக்கட்டளைகள் வீணாகும். தண்டனையும் வெகுமதியும் பொருளற்றுப் போகும் என்கிறார். விதி நிஷேதங்கள் வ்யர்த்தமாகக் கூடாது என்னும் இதே காரணத்தை ப்ரஹ்மஸூத்ரத்தின் பராயத்தாதிகரணத்திலும் காண்கிறோம்.

லூதரின் விடை வேறு திசையில் செல்கிறது. கட்டளை, செய்ய வேண்டியதைக் காட்டுமேயன்றிச் செய்ய முடியும் என்பதைக் காட்டாது. நடக்க வலியில்லாத குழந்தையைப் பெற்றோர் "வா" என்று அழைப்பதுண்டு. தன் இயலாமையை உணர்ந்து குழந்தை அவர்கள் கையை நாட வேண்டும் என்பதே அவ்வழைப்பின் கருத்து. அவ்வாறே தேவனுடைய கட்டளைகளும் மனிதனுக்குத் தன் பாவத்தை அறிவிக்க வந்தவை என்பது லூதரின் நிர்வாஹம். ஆகிஞ்சந்யத்தை உணர்த்துவது சாஸ்த்ரத்தின் ஒரு பயன் என்று கொள்ளும் நமக்கு இவ்விடம் அந்நியமாகத் தோன்றாது.

இனி இருவரும் கையாண்ட உவமைகளைக் காண்போம். எராஸ்மஸ் கூறுவது: விழுந்துவிட்ட குழந்தையைத் தந்தை தூக்கி நிறுத்தி, எதிரே ஓர் ஆப்பிள் பழத்தைக் காட்டுகிறார். குழந்தை ஓடிச் சென்று எடுக்க விரும்புகிறது. ஆனால் கால்கள் தளர்கின்றன. தந்தை கைகொடுத்து நடத்திச் சென்று பழத்தையும் கையில் தருகிறார். குழந்தை பழத்தைத் தானே ஈட்டியதாகச் சொல்லிக்கொள்ள முடியாது; எனினும் அது ஒன்றுமே செய்யவில்லை என்பதும் இல்லை. லூதர் கூறுவது: மனித சித்தம் சுமை விலங்கைப் போன்றது. தேவன் ஏறி அமர்ந்தால் தேவன் விரும்பும் இடத்துக்குச் செல்லும். சாத்தான் ஏறி அமர்ந்தால் அவன் விரும்பும் இடத்துக்குச் செல்லும். எவரை ஏற்றுவது என்று தெரிந்தெடுக்கும் உரிமை விலங்குக்கு இல்லை. ஏறுபவர்களே அதற்காகப் போரிடுகிறார்கள்.

இவ்விரண்டையும் குரங்குக் குட்டி, பூனைக் குட்டி ஆகிய உவமைகளோடு சேர்த்து வைத்தால் பிரிவு உடனே புலப்படும். நம் இரண்டு உவமைகளிலும் தாய் ஒருத்தியே. குட்டி அவளுடையது என்பதில் இரு கலையாருக்கும் விவாதம் இல்லை. தூக்கிச் செல்லும் முறையில் மட்டுமே விவாதம். லூதருடைய உவமையிலோ ஏறுபவர் இருவர். விலங்கு எவருடையது என்பதே போரின் பொருள். நம் வாதம் ரக்ஷணத்தின் ப்ரகாரத்தைப் பற்றியது. அவர்களுடைய வாதம் ரக்ஷணத்துக்கு உரியவர் யார் என்பதைப் பற்றியது.

இவ்வேற்றுமை ஏன் வந்தது? அவர்கள் கொண்ட அடிப்படைகளை நோக்க வேண்டும். ஜீவன் இன்மையிலிருந்து படைக்கப்பட்டது, அதற்கு முற்பிறவி இல்லை, பிறவி ஒன்றே, மரணத்துக்குப் பின் வரும் தீர்ப்பு நித்தியமானது. இந்நான்கும் சேர்ந்தவிடத்து, கிருபையைப் பெறாத ஒருவனைப் பற்றிய கேள்வி தப்ப முடியாததாகிறது. யாத்திராகமத்தில் தேவன் பார்வோனுடைய இருதயத்தைக் கடினப்படுத்தினார் என்னும் செய்தியும், ரோமர் நிருபத்தில் பவுல் கையாளும் குயவனும் களிமண்ணும் என்னும் உவமையும் இக்கேள்வியை மேலும் கூர்மையாக்கின. எராஸ்மஸ், பார்வோன் தேவனுடைய பொறுமையைப் பயன்படுத்தித் தானே கடினப்பட்டான் என்று பொருள் கொண்டார். லூதர் அதை ஏற்கவில்லை. தேவன் எல்லாவற்றிலும் செயல்படுகிறார், தீயவனிடத்திலும் செயல்படுகிறார், ஆனால் தீமை அவருடையதன்று. நொண்டிக் குதிரையின்மேல் ஏறியவன் அதைச் செலுத்துகிறான். நொண்டுதல் குதிரையின் குறை என்றார். மேலும், சித்தம் பலவந்தத்தால் பாவம் செய்வதில்லை, விரும்பியே செய்கிறது. அந்த விருப்பத்தைத் தானே மாற்றிக்கொள்ள முடியாமையே அடிமைத்தனம் என்றும் நுட்பமாகப் பிரித்தார்.

இவ்வளவும் பராயத்தாதிகரண பாஷ்யத்தோடு நெருங்கியே வருகிறது. ஜீவனுடைய கர்த்ருத்வம் பரமாத்மாவுக்கு அதீனம். ஆயினும் ஜீவனுடைய முயற்சியை அபேக்ஷித்தே அவன் அநுமதி அளித்து நடத்துகிறான் என்று எம்பெருமானார் நிர்ணயித்தார். இருவருக்குப் பொதுவான சொத்தை ஒருவன் பிறருக்குக் கொடுக்க, மற்றவனுடைய அநுமதி வேண்டும்; ஆனாலும் கொடுத்ததன் பலன் முயன்றவனையே சேரும் என்னும் த்ருஷ்டாந்தம் அங்குக் காட்டப்படுகிறது. லூதரிடம் இல்லாதது அந்த முதல் முயற்சிக்கு உரிய இடம். பொருள் சொத்து முதலிய கீழான விஷயங்களில் மனிதனுக்குச் சுயாதீனம் உண்டென அவர் ஒப்புகிறார். தேவனை நோக்கிய விஷயத்தில் சிறிதும் இல்லை என்கிறார்.

அப்படியானால் குதிரை நொண்டியானது எதனால்? ஆதாமின் வீழ்ச்சியால் என்பது விடை. அவ்வீழ்ச்சியை தேவன் ஏன் அனுமதித்தார், எல்லாருடைய சித்தத்தையும் அவர் ஏன் மாற்றவில்லை என்று கேட்டால், அது தேவ மகத்துவத்தின் இரகசியம். நாம் கேட்கத் தகாதது என்று லூதர் நிறுத்திவிடுகிறார். வசனத்தில் வெளிப்பட்ட தேவன் பாவியின் மரணத்தை விரும்பாதவர். மறைந்த தேவனுடைய சித்தமோ ஆராய்ச்சிக்கு எட்டாதது. மறைந்தவரை ஆராயாமல், சிலுவையில் வெளிப்பட்டவரைப் பற்றிக்கொள் என்பதே அவருடைய உபதேசம்.

இங்கு ஒரு சங்கை எழும். வைஷம்ய நைர்க்ருண்ய தோஷத்தைப் பரிஹரிக்க நாம் அநாதி கர்மத்தைச் சொல்கிறோமே, அதுவும் கேள்வியைப் பின்னுக்குத் தள்ளுவதுதானே என்று கிறிஸ்தவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. அநாதி என்றது, முதற்காரணத்தைக் காட்டியதாகாது. ஆயினும் அதனால் இரண்டு நன்மைகள் ஸித்திக்கின்றன. எந்தக் காலத்திலும் ஈச்வரன் ஒரு சேதநனைக் கைவிட ஸங்கல்பித்தான் என்று சொல்ல நேர்வதில்லை; எந்தப் பிறவியிலும் ஒருவனுக்குக் கதவு முடிவாக அடைபட்டது என்றும் சொல்ல நேர்வதில்லை. மாத்வ மதத்தில் கூறப்படும் நித்ய ஸம்ஸாரிகள் என்னும் வகுப்பு நம் தர்சனத்தில் இல்லை. ஆகவே நிர்ஹேதுகம் என்ற சொல்லுக்கு, இன்று இவனிடம் பெருகிய கிருபைக்கு இவனிடத்தில் காரணம் தேட வேண்டா என்பதே பொருள். மற்றவனிடம் அது என்றும் பெருகாது என்பது பொருளன்று. வ்யாஜம் வேண்டும் என்று ஸ்வாமி தேசிகன் வற்புறுத்தியதும் ஈச்வரனுக்குப் பக்ஷபாதம் வாராமைக்காகவே.

இருப்பினும் லூதரின் மறைந்த தேவனைக் கண்டு நாம் எளிதில் கடந்து செல்லவும் இயலாது. ஈச்வரனுடைய நிரங்குச ஸ்வாதந்த்ர்யத்தைக் கண்டு அஞ்சுதல் நம் பூர்வாசார்யர்களிடத்திலும் உண்டு. ஸ்ரீவசநபூஷணம் பிராட்டியின் புருஷகாரத்தை முன்னிட்டுத் தொடங்குவதும், ஈச்வர ஸம்பந்தம் பந்தத்துக்கும் மோக்ஷத்துக்கும் பொதுவாயிருக்க, ஆசார்ய ஸம்பந்தம் மோக்ஷத்துக்கே ஹேதுவாயிருக்கும் என்று தெளிவிப்பதும் அவ்வச்சத்தைத் தீர்க்கவே. ஸர்வ ஸ்வதந்த்ரன் தன்னை எங்கே எளியனாக்கிக்கொண்டானோ அங்கே பற்று என்பது இரு மரபுக்கும் பொதுவான உபதேசம். வேற்றுமை இதன் பின்னர் வருகிறது. வெளிப்பட்ட தேவனுக்குப் பின்னால் வேறொரு சித்தம் லூதருக்கு எஞ்சி நிற்கிறது. அதன் நீதி மறுமையின் ஒளியிலேயே விளங்கும் என்று அவர் ஒத்திவைக்கிறார். நமக்கோ பிராட்டி எம்பெருமானை அகலகில்லாதவள். அவளுடைய பரிவு எட்டாத ஓர் உள்ளறை அவன் திருவுள்ளத்தில் இல்லை.

பிற்கால லூதரன் சபையே இவ்விடத்தைத் தயக்கத்தோடுதான் கையாண்டது. லூதரின் தோழர் மெலாங்க்தன், தம் நூலின் பிற்காலப் பதிப்புகளில், மனம் திரும்புதலுக்கு வசனம், பரிசுத்த ஆவி, வசனத்தை விலக்காமல் இசையும் மனித சித்தம் என மூன்று காரணங்களைக் கூறினார். 1577இல் அச்சபையார் வகுத்த இசைவுரை, சித்தத்தைக் காரணமாக எண்ணுவதை மறுத்தது; அதே சமயம், கெடுபவர் தம் மறுப்பாலேயே கெடுகின்றனர் என்றும் அறுதியிட்டது. விலக்காமை வேண்டும், ஆனால் அது உபாயமாகாது என்னும் நம் தென்கலை நிர்வாஹத்துக்கு மிக அருகில் வருவது இதுவேயன்றி, சுமை விலங்கின் உவமையன்று. முன்குறிப்பை இருபுறமும் விரித்த கால்வினின் மரபுக்கும், 1618-19இல் டார்ட் நகரில் கூடிய பேரவையின் முடிவுகளுக்கும் மார்ஜார ந்யாயத்தைப் பொருத்துவது இன்னும் தகாது.

மெய்யான ஒற்றுமை வேறோரிடத்தில் உள்ளது. நூலின் இறுதிப் பகுதியில் லூதர், சுயாதீன சித்தம் தமக்குக் கிடைக்கக்கூடுமாயினும் அதை விரும்பேன் என்கிறார். இரட்சிப்பு தம் கையில் இருந்தால், எத்தனை காலம் முயன்றாலும் இது போதுமா என்ற ஐயம் தம்மை விடாது. அது தேவன் கையில் இருப்பதாலேயே தம் உள்ளம் நிலைகொள்கிறது என்கிறார். எராஸ்மஸின் நூல் அளவும் நயமும் உடையது. நீதியைக் காக்க எழுந்தது. ஆனால் தன் பளு தன் தலையில் இருக்கிறது என்று நடுங்கும் ஒருவனுக்குச் சொல்ல அதில் அதிகம் இல்லை. பரந்யாஸம் செய்தவன் நிர்ப்பரனாய், நிர்ப்பயனாய் இருக்கிறான் என்று கூறும் இரு கலையாரும், லூதரின் இவ்வொரு பகுதியை ஆதரத்தோடு வாசிக்கலாம். பாரதந்த்ர்யம் அவருக்கு முடிவுரையன்று, இளைப்பாறும் இடம்.

ஆகவே இவ்வாதத்தை எடுத்துரைக்கும் நம் வித்வான்கள் இரு குட்டிகளின் உவமையை முதலில் நிறுத்தாமல் இருப்பது நலம். எவர் ரக்ஷிக்கப்படாதவர், அதற்குக் காரணம் என்ன என்று முதலில் கேட்க வேண்டும். அங்கே இரு மரபுகளும் பிரிகின்றன. ரக்ஷிக்கப்பட்டவன் எதைத் தன்னுடையதென்று சொல்லலாம் என்று அதன் பின்னர் கேட்க வேண்டும். ஒன்றையும் சொல்லலாகாது என்பதில் எராஸ்மஸின் குழந்தையும், லூதரின் விலங்கும், தாயின் வாயிலும் வயிற்றிலும் உள்ள நம் குட்டிகளும் ஒருமிடறாகவே நிற்கின்றன.