பெயரில் முடியும் பரிகாசம்

ஓசூரையடுத்த கெலமங்கலம் பக்கத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே திண்ணையில் புழங்குவதால், மனுஷ்ய சுபாவத்தைப் பரிகசிக்க வேண்டிய சமயங்களில் அங்குள்ள பெரியவர்களுக்கு தெலுங்குக் கவி வேமனரின் பத்யமோ கன்னடக் கவி சர்வக்ஞரின் திரிபதியோ தேடாமலே வாயில் வந்துவிடுகிறது. சந்தையில் எடை குறைந்ததென்று மூண்ட ஒரு வாக்குவாதத்தினிடையே முதியவர் ஒருவர் வேமனரின் பத்யத்தை எடுத்துவிட்டார். முதல் மூன்று அடிகளை ஏற்ற இறக்கமின்றி விரைவாகச் சொல்லி, சற்றே நிறுத்தி, நான்காம் அடியை மட்டும் ராகமாக இழுத்து, முடிவில் வரும் பெயரில் குரலை இறக்கினார். குற்றம் சாட்டியவனும் சாட்டப்பட்டவனும் சேர்ந்தே சிரித்துவிட்டார்கள்.

போலிக் குருவையும், காசைக் குறிவைத்துப் பக்தி செய்பவனையும், கொடுக்க மனமில்லாத தனவானையும் ஈவிரக்கமின்றி உரித்துக் காட்டிவிட்டு, கடைசி அடியில் வேமனர் தன் பெயரைச் சொல்லித் தன்னையே விளித்துக்கொள்கிறாரே, ஆடவெலதி என்னும் அந்த நாலடிச் செய்யுளின் ஜீவன் அங்கேதான் இருக்கிறது. எதிரே நிற்பவனைச் சுட்டியிருந்தால் வசையாய்ப் போயிருக்கக்கூடிய சொல், தன்னைச் சுட்டியதனால் சத்தியமாகிவிடுகிறது. கேட்பவனுக்குக் கோபிக்கவும் இடமில்லை, நழுவவும் வழியில்லை. சர்வக்ஞரும் மூன்றே அடிகளில் இந்த வித்தையைச் செய்கிறார். ஆனால் அவர் பெயர் தீர்ப்பின் கீழ் இட்ட முத்திரைபோல் விழுகிறது. நம் தமிழ்ச் சித்தர் சிவவாக்கியரின் வேகம் இவ்விருவருக்கும் இல்லை; எனினும் அவர் எதிராளியோடு ஓயாமல் வாதிடுவதால் நமக்குச் சிரிக்க அவகாசம் கிடைப்பதில்லை. ஹாஸ்யத்தில் வேமனரே மேல் என்பது என் துணிபு.

பண்டிதர்கள் பாமரப் பேச்சென்று ஒதுக்கிய அந்தப் பத்யங்களின் ஏடுகளைத் திரட்டி, 693 செய்யுட்களை ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1829ல் வெளியிட்டவர் கும்பினி உத்தியோகஸ்தரான சி.பி. பிரௌன். சர்வக்ஞரின் திரிபதிகளை உத்தங்கி சென்னப்பா தேடித் தொகுத்து 1924ல் அச்சேற்றினார். அச்சோடு நிற்காமல் 2009 ஆகஸ்டில், பரஸ்பர மரியாதையாக, பெங்களூரில் திருவள்ளுவருக்கும், சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞருக்கும் சிலைகள் திறக்கப்பட்டன. சிலைகள் எழுந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் எந்தச் சண்டைக்கு எந்தப் பத்யம், எங்கே நிறுத்துவது, தமிழில் எப்படி விளக்குவது என்பதெல்லாம் ஏட்டில் இல்லை; ஓசூர், தேன்கனிக்கோட்டை வட்டாரத்து முதியவர்களின் நாவில்தான் இருக்கிறது. அப்பக்கத்து ஆசிரியர்கள் அவர்களிடம் போய் உட்கார்ந்து, கேட்டதைக் கேட்டபடியே தமிழெழுத்தில் எழுதிவைக்க வேண்டும்.