மாற்கு நற்செய்தியின் முடிபு

நற்செய்தி நூல்கள் நான்கனையும் சமய நூல்களாகப் பயில்வோர் பலர். கதை கூறும் இலக்கியங்களாகப் பயில்வோர் சிலரே. இலக்கிய நோக்கு அவற்றின் பெருமைக்கு இழுக்காகாது. ஆசிரியன் எதனைச் சொன்னான் என்பதோடு எவ்வாறு சொன்னான் என்பதையும் அறிய அதுவே வழி. இதனை மாற்கு நற்செய்தியின் முடிபைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

4ஆம் நூற்றாண்டைச் சார்ந்த சீனாய்ச் சுவடியிலும் வத்திக்கான் சுவடியிலும் இந்நூல் 16ஆம் அதிகாரத்து 8ஆம் வசனத்தோடு முடிகின்றது. அதன்பின் உள்ள 12 வசனங்களும் பிற்காலச் சேர்க்கை என்பதே ஆராய்ச்சியாளருள் பெரும்பாலோர் துணிபு. இயேசு உயிர்த்தெழுந்தார் என்று கல்லறையில் கேட்ட மகளிர் மூவரும், அவர் கலிலேயாவுக்கு முன்னே செல்கிறார் எனச் சீடர்க்கும் பேதுருவுக்கும் உரைக்குமாறு ஏவப்படுகின்றனர். அவர்களோ நடுங்கி ஓடி, அச்சத்தால் எவர்க்கும் ஒன்றும் கூறாதிருந்தனர். கிரேக்க மூலத்தின் இறுதிச் சொல், 'ஏனெனில்' என்னும் பொருள் தரும் ஓர் இடைச்சொல். எனவே, இறுதி ஏடு அழிந்திருத்தல் வேண்டும் என்பர் சிலர்.

நூல் முழுவதையும் நோக்குவார்க்கு இம்முடிபு குறையெனத் தோன்றாது. குணமடைந்த தொழுநோயாளன் வாய் திறவாதிருக்கப் பணிக்கப்பட்டும் ஊரெங்கும் பறைசாற்றினான் (1:45). செவிடன் செவி பெற்றபோதும் அவ்வாறே. தடுக்குந்தோறும் செய்தி மிகுதியாகப் பரவிற்று (7:36). தாம் கண்டதை, மனுமகன் உயிர்த்தெழும்வரை வெளியிடலாகாது என்று சீடர் மூவர்க்கும் கட்டளை பிறந்தது (9:9). அவ்வெல்லை வந்துற்றபோது, 'பேசுக' என்னும் ஏவல் பிறக்கின்றது. பேசவேண்டியவரோ வாய் திறந்திலர். பேசாதே என்றபோது பேசினர். பேசுக என்றபோது பேசிலர். இம்முரண் தற்செயலாக அமைந்தது என்று எம்மால் கொள்ள இயலவில்லை. மேலும், சீடர் ஓடியதையும் (14:50) இளைஞன் ஆடையை விட்டு ஓடியதையும் (14:52) குறித்த அதே வினையடி, மகளிர் ஓடியதற்கும் ஆளப்பட்டுள்ளது.

மத்தேயுவில் மகளிர் அச்சத்தோடு பெருமகிழ்ச்சியும் கொண்டு செய்தி சொல்ல ஓடுகின்றனர். லூக்காவில் பதினொருவர்க்கும் கூறிவிடுகின்றனர். அவ்விருவர் நூல்களிலும் செய்தி சென்றடைதலைக் கதையே காட்டுகின்றது. மாற்கு அதனைக் கற்போன்பால் விட்டுவிடுகின்றார். பேதுரு மறுதலிப்பான் என்ற முன்மொழி பலித்ததைக் கண்டவன், அதனோடு ஒருங்கே கூறப்பட்ட கலிலேயாச் சந்திப்பும் (14:28) பலிக்கும் எனத் தெளிவான். தொல்காப்பியர் செய்யுளுறுப்புக்களுள் ஒன்றாக எண்ணிய எச்சம், கூறாது விட்டதைக் கேட்போன் கொண்டு முடிக்கும் இயல்பினது. அதனை அறிந்த தமிழ் மாணாக்கர்க்கு இம்முறை புதிதன்று.

ஏடு அழிந்ததா என்னும் வினாவிற்கு இலக்கிய ஆராய்ச்சி மட்டும் விடை கூறிவிடாது. ஆயினும், கைக்கு எட்டிய இவ்வடிவம் முறிந்துபோன நூலன்று, நிறைவுற்ற நூலே என்பது எம் கருத்து. மகளிர் கூறாது விட்ட செய்தி நூலாக நம் கையில் இருத்தலே அதற்குச் சான்றாகும்.