உத்தமனுக்கு வசனம் இல்லை

மூத்தாள் பிள்ளையும் இளையாள் பிள்ளையும் சேர்ந்து வளரும் வீட்டைப் பற்றிக் குழந்தைகளுக்கு நாடகம் வேண்டுமென்றால் நம்மிடம் கைவசம் இருப்பது துருவன் கதை ஒன்றுதான். திருத்தணிப் பக்கத்துப் பள்ளி ஆண்டு விழாக்களில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உத்தானபாதன் மடியில் இளையாள் மகன் உத்தமன். ஏற வந்த துருவனைச் சுருசி பிடித்துத் தள்ளுகிறாள். பிறகு காடு, தவம், அட்டையில் வெட்டிய நட்சத்திரம். மடியில் இருந்த பையன் ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு இறங்கிப் போகிறான். அவனுக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது.

பாகவதத்தின் நான்காம் ஸ்கந்தத்தில் சுருசி தள்ளுவதில்லை, பேசுகிறாள். அரசன் வாய் திறக்காமல் இருக்கிறான். கதை தவத்தோடு முடிந்தும் விடவில்லை. வீடு திரும்பிக் காலில் விழும் துருவனைச் சுருசி தூக்கி அணைத்து, குரல் தழுதழுக்க வாழ்த்துகிறாள். துருவனும் உத்தமனும் கட்டிக்கொள்கிறார்கள். பின்னால் வேட்டைக்குப் போன உத்தமனை ஒரு யக்ஷன் கொன்றுவிட, துருவன் யக்ஷர்கள்மேல் படையெடுக்கிறான். பாட்டன் மனு வந்து தடுக்கும்வரை ஓய்வதில்லை. தனக்குக் கிடைக்காத மடியில் இருந்தவனுக்காகத்தான் இந்தச் சண்டை. புராணிகனுக்குத் தெரிந்திருந்த இந்த வீட்டை விட்டுவிட்டு நட்சத்திரத்தை மட்டும் மேடைக்கு எடுத்துக்கொண்டோம்.

நம் நாடக மரபு இதற்கு உதவவில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சேர்ந்தபோது டி. கே. சண்முகத்துக்கு வயது ஆறு. பாலர் கம்பெனிகளில் குழந்தைகள் பெரியவர்களின் காமக் குரோதங்களை நடித்தார்கள்; பெரியவர்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். மாற்றாந்தாய் என்றால் தமிழ், தெலுங்கு இரண்டு மேடைகளுக்கும் சாரங்கதரா சித்ராங்கிதான். ஆசைப்பட்டு, மறுக்கப்பட்டு, பழிசுமத்திக் கைகால் வெட்டவைப்பவள். மேல்நாட்டிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. கிரிம் சகோதரர்களின் 1812ஆம் வருஷப் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லப் பார்ப்பவள் பெற்ற தாய். 1819 பதிப்பில் அவள் மாற்றாந்தாயாகிவிட்டாள். தாயின் பிம்பத்துக்குப் பங்கம் வராமல் பழி சுமக்க ஒருத்தி தேவைப்பட்டாள்.

மேடையைவிட நம் பேச்சு கருணையுள்ளது. ‘மாற்றாந்தாய்’ ஏட்டுச் சொல். வீட்டில் குழந்தை ‘சித்தி’ என்கிறது. அம்மாவின் தங்கைக்கும் அதுதான் பெயர். 1960 வரை சித்தூர் ஜில்லாவில் இருந்த எங்கள் ஊரின் தெலுங்கு வீடுகளில் ‘பின்னி’. அதற்கும் இதே இரண்டு அர்த்தம். இறந்தவளின் தங்கையையே இரண்டாம் தாரமாகக் கட்டிவைத்த வழக்கம் இந்தச் சொற்களில் தங்கியிருக்கிறது. ஆனால் அம்மா மறுமணம் செய்துகொண்டவரைக் கூப்பிடச் சொல் இல்லை. ‘அங்கிள்’ என்றோ ‘மாமா’ என்றோ ஆரம்பித்த குழந்தை என்றைக்கோ ஒருநாள் ‘அப்பா’ என்று சொல்லியாக வேண்டும். அந்த ஒருநாளில் ஒரு முழு நாடகம் இருக்கிறது.

சட்டத்துக்கு இந்தக் கருணை இல்லை. 1956ஆம் வருஷத்து இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் ஆறாம் பிரிவு, தந்தை, தாய் என்ற சொற்களில் மாற்றாந்தந்தையும் மாற்றாந்தாயும் அடங்கமாட்டார்கள் என்று விளக்கம் தருகிறது. வங்கிக் கவுண்டரில் மைனர் கணக்குப் பாரத்தை நீட்டிய ஒரு பெண், உறவு என்ற இடத்தில் ‘அம்மா’ என்று எழுதியிருந்தாள். “பெத்த அம்மாவாம்மா?” என்று கேட்பது என் உத்தியோகம். அவள் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் நின்ற பையன், “ஆமா சார்” என்றான். பொய். இதைவிட நல்ல வசனத்தை நம் குழந்தை நாடகங்களில் நான் கேட்டதில்லை.

இந்த வீட்டின் நாடகத்துக்குச் சித்ராங்கியின் கத்தி தேவையில்லை. அட்டெண்டன்ஸில் இரண்டு இனிஷியலோடு கூப்பிடப்படும் அண்ணன் தம்பி போதும். செத்துப்போனவளின் படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்ற பேச்சு போதும். பெர்லினின் கிரிப்ஸ் குழு தேவதைக் கதைகளை ஒதுக்கிவிட்டு வீட்டையும் தெருவையும் குழந்தைகளுக்கு முன்னால் வைத்தது. பெரியவர்களே குழந்தைகளாக நடித்தார்கள். 1986ல் மோகன் அகாஷேயின் முயற்சியில் அந்தமுறை புனேவுக்கு வந்து மராத்தியில் வேர்விட்டது. நம் பாலர் கம்பெனிக்கு நேர் தலைகீழ் இது. பெரியவன் குழந்தையாக நடிக்க வேண்டுமென்றால் முதலில் குழந்தை என்ன பார்க்கிறது என்று யோசித்தாக வேண்டும்.

எங்கள் மலையில் வள்ளிக்கும் தெய்வானைக்கும் தனித்தனிச் சன்னதி. ஏசல் பாட்டில் இருவரும் ஒருவரையொருவர் கிழிப்பதை ஊர் சிரித்துக்கொண்டே கேட்கிறது. சிரிக்க முடிகிறது, ஏனென்றால் அந்த வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கப் பிள்ளை இல்லை. பிள்ளை இருக்கிற வீட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் துருவனைக் கொஞ்சகாலம் காட்டிலேயே விட்டுவிட்டு, மடியில் இருந்தவனிடம் பேச்சுக்கொடுக்கலாம். தன்னால் ஒருவன் வீட்டைவிட்டுப் போனதைப் பார்த்துக்கொண்டிருந்த ஐந்து வயதுப் பையனுக்குச் சொல்ல ஏதாவது இருக்கும்.