பாம்பு விளையாட்டின் மறுவெளியீடுகள்: விசையும் கடினமும்

பாம்பு விளையாட்டு என்பது நோக்கியா கைபேசிகளின் வழியே உலகெங்கும் பரவிய எளிய திரை விளையாட்டு ஆகும். தமிழ்நாட்டில் இது 'பாம்பு கேம்' அல்லது 'ஸ்நேக்' என்றே வழங்கப்படுகிறது. 1997இல் வெளிவந்த இவ்விளையாட்டு 2015, 2017, 2024 ஆகிய ஆண்டுகளில் வெவ்வேறு வடிவங்களில் மீண்டும் வெளியிடப்பட்டது. பழைய கைபேசியில் நெடுநேரம் தாக்குப்பிடித்தவர்கள் புதிய வடிவங்களில் சிறிது நேரத்திலேயே தோற்றுவிடுவதும், 'கை மறந்துவிட்டது' என்று தம்மையே நொந்துகொள்வதும் உண்டு. மறந்தது கையா, மாறியது கருவியா என்ற கேள்வியை முன்வைத்து இம்மறுவெளியீடுகளை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. நோக்கியா கைபேசிகள் கோடிக்கணக்கில் உருவான ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதிக்கு இக்கேள்வி தனிப் பொருள் உடையது.

தோற்றம்

திரையில் நீண்டுகொண்டே போகும் கோட்டை மோதாமல் ஓட்டுவது என்ற கருத்து, கிரெம்லின் நிறுவனம் 1976இல் வெளியிட்ட 'பிளாக்கேட்' என்னும் விளையாட்டில் முதலில் வந்தது. அது காசு போட்டு ஆடும் பெரிய எந்திரத்துக்காக அமைக்கப்பட்டது. இருவர் எதிரெதிராக ஆடுவர்.

பின்லாந்தைச் சேர்ந்த நோக்கியா பொறியாளர் தானெலி அர்மான்டோ இக்கருத்தைக் கைபேசிக்கு ஏற்ப அமைத்தார். 1997இல் அறிமுகமான நோக்கியா 6110இல் அது இடம்பெற்றது. 2000இல் வந்த நோக்கியா 3310இல் 'ஸ்நேக் 2' என்ற வடிவம் இருந்தது. முதல் வடிவத்தில் சுவரில் மோதினால் ஆட்டம் முடியும். இரண்டாம் வடிவத்தில் சுவரில்லாத களத்தில் ஒரு பக்கம் வெளியேறும் பாம்பு மறுபக்கம் உள்ளே வரும். தடுப்புச் சுவர்கள் கொண்ட களங்களும் அதில் சேர்க்கப்பட்டன.

நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 2012இல் தான் சேகரிக்க விரும்பும் திரை விளையாட்டுகளின் பட்டியலை அறிவித்தபோது அதில் பாம்பு விளையாட்டும் இருந்தது. பொழுதுபோக்காக மட்டும் கருதப்பட்ட ஒன்று வடிவமைப்புக் கலையாக எண்ணப்படத் தொடங்கியதற்கு இது ஒரு சான்று.

கடினத்தின் மூன்று வகை

இவ்விளையாட்டின் கடினத்தை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, வேகம். ஆடுபவரே நிலையைத் தேர்ந்தெடுக்கிறார். நிலை உயர உயரப் பாம்பு விரைவாக ஓடும். உண்ணும் இரைக்குக் கிடைக்கும் புள்ளியும் கூடும்.

இரண்டாவது, இடம். இரை உண்ண உண்ணப் பாம்பு நீளும். 3310இன் திரை அகலத்தில் 84, உயரத்தில் 48 புள்ளிகள் மட்டுமே கொண்டது. அச்சிறு இடத்தில் பாம்பின் உடலே அதற்குத் தடையாகிவிடுகிறது. பரமபதத்தில் பாம்பு கடிப்பது தாயத்தின் விளைவு. அங்கே ஆடுபவர் செய்யக்கூடியது எதுவுமில்லை. இங்கே ஆடுபவரே பாம்பு. முன்பு அவர் எடுத்த ஒவ்வொரு திருப்பமும் பின்னர் அவருக்கு எதிரே சுவராக வந்து நிற்கிறது.

மூன்றாவது, கை. மனம் முடிவு செய்ததை விரல் உரிய கணத்தில் செய்து முடிக்க வேண்டும்.

முதல் இரண்டும் விளையாட்டின் விதிகளிலிருந்து பிறப்பவை. மூன்றாவது கருவியைச் சார்ந்தது. ஒரு விளையாட்டின் கடினம் நியாயமானதா என்று அறிய எளிய சோதனை உண்டு: தோற்றவருக்குத் தாம் ஏன் தோற்றோம் என்று தெரிய வேண்டும். 'இரைக்கு ஆசைப்பட்டு வாலுக்குள் போய் மாட்டிக்கொண்டேன்' என்று சொல்ல முடிந்தால் அடுத்த ஆட்டத்தில் திருத்திக்கொள்ளலாம். 'நான் அழுத்தினேன், அது திரும்பவில்லை' என்று சொல்ல நேர்ந்தால் அத்தோல்வியிலிருந்து கற்பதற்கு ஒன்றுமில்லை.

பழைய விசைகள் செய்த உதவி

3310இல் இடம், வலம் செல்லத் தனி விசைகள் கிடையாது. எனவே எண் விசைகளே திசைகளாயின. 2 மேலே, 8 கீழே, 4 இடம், 6 வலம். நடுவில் 5 இருப்பதால் நான்கு திசைகளும் விலகி நின்றன. இரு கட்டைவிரல்களும் அவற்றைப் பங்கிட்டுக்கொள்ள முடிந்தது. ரப்பர் விசையின் மேடும், அதன் கீழே அழுந்தி எழும் சிறு உலோகக் குமிழும், அழுத்தம் பதிவானதை விரலுக்கே சொல்லிவிடும். கண் விசையைப் பார்க்க வேண்டியதில்லை. திரையில் மட்டும் நின்றால் போதும்.

இதன் பயனை அறிய 'திரும்பி வருதல்' என்ற ஓர் அசைவைப் பார்க்கலாம். பாம்பு வலப்புறம் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த வரிசையில் இடப்புறமாக வர வேண்டும். நேர் எதிர்த்திசையில் திரும்ப முடியாது என்பதால் முதலில் கீழே, உடனே இடப்புறம் என இரண்டு திருப்பங்கள் தேவை. பழைய கைபேசியில் ஒரு விரல் 8ஐ அழுத்தும்போதே மற்றொரு விரல் 4இன் மேல் காத்திருக்கும். நீண்ட பாம்பை வரிசை வரிசையாக மடித்துச் செல்லும் முழு உத்தியும் இந்த ஓர் அசைவின் மேல்தான் நிற்கிறது.

அர்மான்டோ பிற்காலப் பேட்டிகளில் சொன்ன ஒரு செய்தி இங்கே முக்கியமானது. உயர்ந்த வேகத்தில் சுவரில் மோதுவது மிக எளிதாக நிகழ்ந்ததால், மோதுவதற்கு முன் மில்லி வினாடிக் கணக்கில் ஒரு சிறு தாமதத்தை அவர் சேர்த்தார். கடைசிக் கணத்தில் திரும்புபவர் அதனால் பிழைத்துக்கொள்வார். அந்தச் சலுகை கண்ணுக்குத் தெரியாது. ஆடுபவர் தம் திறமையால் தப்பியதாகவே எண்ணுவார். விசையும் இந்தச் சலுகையும் சேர்ந்ததே பழைய விளையாட்டின் நியாயம் எனலாம்.

ஸ்ரீபெரும்புதூர்

நோக்கியா நிறுவனம் 2005இல் தமிழ்நாடு அரசுடன் ஒப்பந்தம் செய்து, ஸ்ரீபெரும்புதூரில் ஆலை அமைத்தது. 2006 தொடக்கத்தில் உற்பத்தி ஆரம்பமானது. சுற்று வட்டாரங்களிலிருந்து நிறுவனப் பேருந்துகளில் வந்து சென்ற இளைஞர்கள் அங்கே வேலை செய்தனர். அவர்களில் பெண்கள் மிகுதி. 2011க்குள் அந்த ஆலை 50 கோடி கைபேசிகளை உருவாக்கியிருந்தது. இன்று 'பட்டன் போன்' என்று அழைக்கப்படும் எளிய கைபேசிகள் அவற்றில் ஏராளம். பிற பகுதிகளுக்கு அந்த விசைகள் கடையில் வாங்கிய பொருள். இப்பகுதியைச் சேர்ந்த பலருக்கு அவை அன்றாட வேலை.

2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசித் தொழில் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியபோது, வரி வழக்கின் காரணமாக இந்த ஆலை அதில் சேரவில்லை. 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றது. ஆலை வளாகத்தை மின்னேற்றிக் கருவிகள் செய்யும் சால்காம்ப் நிறுவனம் வாங்குவதாக 2019இல் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் இப்பகுதியின் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் எக்ஸ்ஆர் தயாராகத் தொடங்கியது. விசைகள் நிறைந்த கைபேசியிலிருந்து எண் விசையே இல்லாத கைபேசிக்கு ஓர் ஊரின் தொழில் மாறிப்போனது.

2006இல் 19 வயதில் வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்கு 2017இல் 30 வயது. அவ்வாண்டில் நோக்கியா 3310 மீண்டும் கடைக்கு வந்தது. நோக்கியா என்ற பெயர் திரும்பியது. 2014இல் போன வேலை திரும்பவில்லை. 'பழைய நினைவு' என்று விளம்பரப்படுத்தப்படும் ஒரு பொருளை இத்தகைய வாசகர் கூர்மையாகச் சோதித்துப் பார்ப்பது இயல்பே.

மறுவெளியீடுகள்

*ஸ்நேக் ரீவைண்ட் (2015):* அர்மான்டோவே பங்கேற்று ரூமிலஸ் நிறுவனத்துடன் வெளியிட்ட தொடுதிரை வடிவம். மோதியபின் பாம்பைப் பின்னோக்கி இழுத்து ஆட்டத்தைத் தொடரலாம் என்பது இதன் புதுமை. புதியவர்களுக்கு இது ஆறுதல் தரும். ஆனால் பாம்பு விளையாட்டில் ஒவ்வொரு திருப்பமும் மீளாதது என்பதே பதற்றத்துக்குக் காரணம். மீட்டுக்கொள்ளலாம் என்றானபின் அப்பதற்றம் தளர்கிறது. பழைய தாமதம் ஆடுபவருக்குத் தெரியாமல் அவரைக் காத்தது. இந்த வசதியோ, தோற்றுவிட்டீர்கள் என்று சொல்லியபின் காக்கிறது. இரண்டும் சலுகைகளே ஆயினும் ஆடுபவருக்குத் தரும் மதிப்பு ஒன்றல்ல.

*நோக்கியா 3310 (2017):* நோக்கியா பெயரில் கைபேசி விற்கும் உரிமை பெற்ற எச்.எம்.டி. குளோபல், 2017 பிப்ரவரியில் பார்சிலோனாவில் இதை அறிமுகம் செய்தது. இந்தியாவில் 2017 மே 18 முதல் 3,310 ரூபாய்க்கு விற்பனையானது. 2.4 அங்குல வண்ணத் திரை கொண்ட இதற்காகக் கேம்லாஃப்ட் நிறுவனம் பாம்பு விளையாட்டைப் புதிதாக வரைந்தது. விசைகள் உண்மையானவை என்பது இதன் பெரும் பலம். ஆனால் நடுவில் நான்கு திசைக்கும் சேர்த்து ஒரே திசைவிசை இருப்பதால் கட்டைவிரல் இயல்பாக அங்கேயே போகிறது. இரு விரல்கள் செய்த வேலையை ஒரு விரல் உருண்டு உருண்டு செய்ய நேர்கிறது. 'திரும்பி வருதல்' இங்கே தடுமாறுவதற்கு இதுவே காரணம். வண்ணமும் அலங்காரமும் கூடிய திரையில், வெறும் கறுப்புக் கட்டங்களில் இருந்த தெளிவும் குறைகிறது.

*மெசஞ்சர் வடிவமும் செயலிகளும்:* 2017இல் ஃபேஸ்புக் மெசஞ்சரிலும் பாம்பு விளையாட்டு வந்தது. 'ஸ்நேக் 97' போன்ற செயலிகள் பழைய கைபேசியின் உருவத்தையே விசைகளோடு திரையில் வரைந்து காட்டுகின்றன. பார்வைக்கு இவையே மூலத்துக்கு மிக நெருக்கம். ஆனால் படமாக வரைந்த விசைக்கு மேடு இல்லை. விரல் எங்கே இருக்கிறது என்று அறியக் கண் கீழே இறங்க வேண்டும். அக்கணத்தில் பாம்பு மோதிவிடும்.

*நோக்கியா 3210 (2024):* 1999இல் வந்த கைபேசியின் மறுவடிவம். இதிலும் விசைப்பலகையும் பாம்பு விளையாட்டும் இடம்பெற்றன. தொடுதிரைக் காலத்திலும் இவ்விளையாட்டை விசையோடு சேர்த்தே விற்க வேண்டியிருப்பது கவனிக்கத்தக்கது.

பழகும் முறை

மறுவெளியீடுகளில் திணறுபவர்கள் பெரும்பாலும் தமது பழைய வேகநிலையிலேயே தொடங்குகின்றனர். அது தவறு. விதிகள் நினைவில் இருந்தாலும் விரல் புதிய கருவியில் முதல் வகுப்பு மாணவனே. மெதுவான நிலையில் தொடங்கி, புள்ளியை எண்ணாமல், 'திரும்பி வருதல்' என்ற அசைவை மட்டும் பலமுறை பழகுவது நல்லது. திசைவிசையில் கட்டைவிரலைத் தூக்காமல் சாய்த்துப் பழக வேண்டும். தொடுதிரையில் நீண்ட இழுப்பைத் தவிர்த்துக் குறுகிய தட்டல்களைக் கையாளலாம். திருப்பத்தை ஒரு கட்டம் முன்கூட்டியே எண்ணிக்கொள்வதும் உதவும். பாம்பு நீண்டபின் இரையை நோக்கி நேராக ஓடாமல், வால் விலகும் பாதையைத் தொடர்ந்து செல்லும் பழைய உத்தி எல்லா வடிவங்களுக்கும் பொருந்தும்.

மதிப்பீடு

மறுவெளியீடுகள் பெரும்பாலும் விளையாட்டின் பெயரையும் தோற்றத்தையும் காத்தன. அதன் நியாயத்தை முழுமையாகக் காக்கவில்லை. 2017ஆம் ஆண்டு 3310 உண்மையான விசையைத் தந்தும் அதன் பரப்பைச் சுருக்கியது. 2015ஆம் ஆண்டு வடிவம் தோல்வியின் கனத்தைக் குறைத்தது. செயலிகள் உருவத்தைத் தந்து தொடுவுணர்வை விட்டன. குறையைச் சொல்லும்போது ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: பழைய கைபேசியைக் காணாத குழந்தைக்கு இவ்வடிவங்களே முதல் பாம்பு விளையாட்டு. அக்குழந்தை ஒற்றை விரலில் பழகி, மூத்தவர்களை எளிதாக வென்றுவிடக்கூடும். அந்தத் திறமையும் உண்மையானதே.

ஆகவே கை மறந்துவிட்டது என்பது சரியான விடை அன்று. கைக்குத் தெரிந்திருந்தது பாம்பு மட்டுமல்ல, 2, 4, 6, 8 என்ற நான்கு இடங்களும்தான். அந்த இடங்கள் எடுக்கப்பட்டபின் அத்திறமைக்கு நிற்க இடமில்லை. ஆலை மூடப்பட்டபின் வேறு தொழிலைக் கையால் கற்றுக்கொண்ட ஸ்ரீபெரும்புதூர்த் தொழிலாளர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பழைய விளையாட்டை மீண்டும் வெளியிடுபவர்கள் படத்தைப் போலவே விசையின் அமைப்பையும், மோதும் முன் தரப்பட்ட அந்தச் சிறு அவகாசத்தையும் மூலத்தின் பகுதியாகக் கருதிக் காப்பது முறையாகும்.