பாலையில் கண்ணாடி இல்லங்கள்

நிலத்தை ஐந்திணையாக வகுத்த தமிழ் இலக்கணம் பாலைக்குப் பிரிவை உரிப்பொருளாக்கியது. பொருள் தேடிச் செல்லும் தலைவன், அவனை எண்ணி ஆற்றாதிருக்கும் தலைவி, இருவருக்கும் இடையே வெந்து கிடக்கும் வழி ஆகியனவே பாலைப் பாட்டின் உலகம். மனைவி மக்களுடன் பாலைக்கு இன்பப் பயணம் போவது என்னும் எண்ணம் நம் பழம்புலவர்க்கு விந்தையாகவே தோன்றியிருக்கும். ஆனால் அமெரிக்காவில் அத்தகைய பாலை ஒன்று உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 மைல் தொலைவில், சான் ஹசிந்தோ மலையின் அடிவாரத்தில் அமைந்த பாம் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரே அது. குளிர்காலம் வந்ததும் பனி உறையும் வடபுலங்களிலிருந்து குடும்பங்கள் அங்கே வந்து கூடுகின்றன. வெயிலுக்காக மட்டும் அவை வருவதில்லை. 1940களுக்கும் 1960களுக்கும் இடையே அங்கே எழுந்த வீடுகளையும் விடுதிகளையும் கலைப்பொருள்களைப் போல் கண்டு களிக்கவும் வருகின்றன.

இப்பயணத்திற்கென்றே ஓர் எழுத்துவகை வளர்ந்திருக்கிறது. எந்த வீட்டை எந்த வேளையில் காண்பது, எந்த விடுதியில் அக்கால நாற்காலிகள் உள்ளன, குழந்தைகளை எங்கே நீந்தவிடுவது என்றெல்லாம் படநூல்களும் இதழ்க் கட்டுரைகளும் வழிகாட்டுகின்றன. அழகைக் கூர்ந்து காண அவை கற்றுத்தருகின்றன என்பதை நாம் மறுக்கவில்லை. அவை காணாமல் விடுவன எவை என்பதே நம் கேள்வி. ஒரு நூலைத் திறனாய்பவன் எழுதப்பட்ட வரிகளோடு எழுதாமல் விடப்பட்டவற்றையும் கணக்கில் கொள்கிறான். ஊரைத் திறனாய்வதற்கும் அம்முறையே பொருந்தும் என்பது நம் துணிபு.

முதலில் புகழ வேண்டியதைப் புகழ்வோம். வியன்னாவில் பிறந்த ரிச்சர்ட் நொய்ட்ரா, காஃப்மன் என்னும் செல்வருக்காக 1946இல் முடித்த பாலை இல்லம் இவ்வூரின் மணிமுடி. சுவர் முடிந்து வெளி தொடங்கும் இடம் எதுவென்று அதில் எளிதில் சொல்லிவிட முடியாது. காற்றையும் மணலையும் தடுக்கத் திருப்பத்தக்க அலுமினியத் தகடுகளை அவர் நிறுத்தினார். ஜூரிக்கில் பிறந்து, பாரிஸில் லெ கொர்பூசியேயிடம் பணியாற்றி, பின்னர் இப்பாலையையே தம் ஊராக்கிக்கொண்ட ஆல்பர்ட் ஃப்ரே, 1964இல் மலைச்சரிவில் தமக்கெனச் சிறிய வீடொன்று கட்டினார். அங்கே கிடந்த பெரும்பாறையை அவர் உடைத்து அகற்றவில்லை. பாறை வீட்டினுள்ளே நுழைந்து நிற்க, கண்ணாடிச் சுவர் அதன் வடிவுக்கேற்ப வளைந்து வழிவிடுகிறது. இயற்கைக்குக் கலைஞன் செய்யத்தக்க மரியாதை இதுவே.

செல்வர் மாளிகைகளோடு இக்கலை நின்றுவிடவுமில்லை. வில்லியம் கிரைசலின் வரைபடங்களைக் கொண்டு அலெக்சாண்டர் நிறுவனத்தார் இப்பள்ளத்தாக்கில் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட நடுத்தர வீடுகளைக் கட்டினர். தளத்தின் அமைப்பு ஒன்றே. கூரையை மாற்றியும் மனையில் வீட்டின் முகத்தைத் திருப்பியும் ஒவ்வொன்றையும் புதிதாகத் தோன்றச் செய்தார் கிரைசல். ஒரே சந்தத்தில் நூறு பாடல் கட்டும் புலவனின் திறம் அன்றோ இது! டொனால்ட் வெக்ஸ்லர் எஃகினால் வீடுகள் அமைத்தார். 38 வீடுகள் எழுப்பத் திட்டமிட்டு, எஃகின் விலை ஏறவே 1962 அளவில் ஏழோடு நின்றுபோயிற்று அம்முயற்சி. ஃப்ரேயும் ராப்சன் சேம்பர்ஸும் 1965இல் கட்டிய பெட்ரோல் நிலையத்தின் கூரை, சிறகு விரித்த பறவைபோல் நெடுஞ்சாலையை நோக்கி நீள்கிறது. இன்று அது ஊருக்கு வருவோரை வரவேற்கும் நிலையம். 2006 முதல் ஆண்டுதோறும் பிப்ரவரியில் இக்கட்டடங்களுக்கென ஒரு விழாவே நடக்கிறது. இடித்துத் தள்ளப்படவிருந்த பல வீடுகள் இந்த ஆர்வத்தினால் பிழைத்தன. அந்த அளவில் இவ்வழகுப் பித்தர்களுக்கு நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

இனி நம் ஐயங்களுக்கு வருவோம்.

இவ்வீடுகள் பாலைக்கு ஏற்றவைதாமா என்பது முதல் ஐயம். அகன்ற இறவாணமும், காற்றை விட்டு வெயிலைத் தடுக்கும் துளைக்கல் சுவரும் இவற்றில் உண்டு. அத்துளைக்கல் சுவரில் நம் நாட்டுக் கல்ஜாலியின் சாயல் தெரிகிறது. 1959இல் திறக்கப்பெற்ற டில்லி அமெரிக்கத் தூதரகத்தைக் கட்டிய எட்வர்ட் டியூரல் ஸ்டோன் அதில் ஜாலித்திரையை ஆண்டபின், அப்பாணி அமெரிக்காவெங்கும் பரவியது. ஆயினும் கோடையில் 40 பாகை சென்டிகிரேடைத் தாண்டி வெப்பம் ஏறும் நிலத்தில் கண்ணாடிச் சுவர் எங்ஙனம் நிற்கும்? ஓயாது இயங்கும் குளிர்பொறியின் துணையால்தான் நிற்கும். இவற்றுள் புகழ்பெற்ற பல குளிர்கால இல்லங்களாகவே பிறந்தவை; கோடை வந்தால் உடையவர் ஊரைவிட்டுப் போய்விடுவார். ஆகவே இவ்வில்லங்களைப் பாலைக் கட்டடக்கலை என்பதைவிடப் பாலையின் குளிர்காலத்திற்குரிய கட்டடக்கலை என்பதே பொருந்தும்.

ஆண்டு முழுதும் பாலையிலேயே வாழ்ந்தவர்கள் வேறுவகையாய்க் கட்டினர். தடித்த மண்சுவர், நிழல் தங்கும் முற்றம், மேற்காற்றைப் பிடித்து அறைக்குள் இறக்கும் காற்றுக் கோபுரம் என்பன எகிப்து முதல் ஈரான் வரை அவர்கள் கண்ட விடைகள். அந்த அறிவை நம் காலத்தில் மீட்டவர் எகிப்தியக் கட்டடக்கலைஞர் ஹஸன் ஃபத்ஹி. லக்ஸருக்கு அருகே 1940களில் அவர் தொடங்கிய புதிய குர்னா கிராமமும், ஏழைகளுக்கான கட்டடக்கலை பற்றி 1973இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய நூலும் உலகறிந்தவை. அதே அமெரிக்கத் தென்மேற்கில், நியூ மெக்ஸிகோ மாநிலத்து அபிகியூவில், 1980இல் நூபியக் கொத்தர்களுடன் வந்து மண்கல்லால் குவிமாடப் பள்ளிவாசல் ஒன்றை எழுப்பிக் காட்டினார் அவர். பாம் ஸ்பிரிங்ஸ் படநூல்களைப் புரட்டும் அழகன்பர்களுள் எத்தனை பேர் அபிகியூவையும் தம் பயணத்தில் சேர்ப்பர்? கண்ணாடியையும் மண்ணையும் ஒருசேரக் கண்டவரே பாலைக் கட்டடக்கலையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லத் தகுதியுடையார்.

இரண்டாவது ஐயம் இதனினும் கனமானது. ஸ்லிம் ஆரன்ஸ் 1970இல் காஃப்மன் இல்லத்தில் எடுத்த புகைப்படம் ஒன்று இவ்வூரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. நீச்சற்குளக் கரையில் பெண்கள் அளவளாவுகின்றனர். நீலநீர் அசையாது கிடக்கிறது. பின்னே இல்லமும் மலையும் நிற்கின்றன. எவர்க்கும் எவ்விடத்தும் அவசரம் இல்லை. அழகான படம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே பத்தாண்டுகளில் அதே ஊரில் நடந்த வேறொன்று அச்சட்டத்திற்குள் வரவில்லை.

அங்குள்ள வெந்நீர் ஊற்றுக்குரியவர்கள் கவியா இனத்துப் பழங்குடிகள். அவர்களது குழுவின் பெயரான அகுவா காலியெந்தே என்பதற்கு ஸ்பானிய மொழியில் வெந்நீர் என்றே பொருள். 19ஆம் நூற்றாண்டில் அரசு இந்நிலத்தைச் சதுரங்கப் பலகை போல் மைல் மைலாகக் கூறிட்டு, ஒரு கட்டத்தை இரயில் நிறுவனத்துக்கும் அடுத்ததைப் பழங்குடிகளுக்குமாக ஒதுக்கியது. பழங்குடிகளுக்குரிய கட்டங்களுள் ஒன்று, நகரின் நடுவே ஒரு சதுர மைல் பரப்புள்ள 14ஆம் பிரிவு. ஊரின் ஏனைய பகுதிகளில் நிறம் காரணமாக வீடு மறுக்கப்பட்ட கறுப்பினத்தாரும் மெக்ஸிகோ வழியினரும் அங்கே வாடகைக்குக் குடியிருந்தனர். விடுதிகளில் படுக்கை விரித்தவர்களும், சமைத்தவர்களும், இன்று நாம் வியக்கும் வீடுகளுக்குக் கல் சுமந்தவர்களும் அவர்களுள் இருந்தனர்.

1959இல் பழங்குடி நிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு விடச் சட்டம் இடந்தந்தது; நிலத்தின் விலை உயர்ந்தது. நிலவுடைமையாளரான பழங்குடிகளுக்கு நீதிமன்றம் பாதுகாவலர்களை அமர்த்தியது. அப்பாதுகாவலர் சிலர் காத்தது தம் பையைத்தான். இம்முறைகேட்டை வெளிக்கொணர்ந்த ரிவர்சைடு நகரத்து நாளிதழ் 1968இல் புலிட்சர் பரிசு பெற்றது. 1950களின் நடுவிலிருந்து 1966 வரை 14ஆம் பிரிவின் குடியிருப்புகள் இடிக்கப்பட்டன; எரிக்கப்பட்டன. வேலைக்குப் போய் வந்தவர் தம் வீடிருந்த இடத்தில் சாம்பலைக் கண்டதும் உண்டு. இதனை நகராட்சியே பொறியமைத்து நடத்திய பேரழிவு என்று மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தின் அறிக்கை 1968இல் கடிந்துரைத்தது. நகரமன்றம் மன்னிப்புக் கோரியது 2021இல். பாதிக்கப்பட்டோர்க்கு 59 இலட்சம் டாலர் இழப்பீடு தர இசைந்தது 2024இல்.

ஆண்டுகளை ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எஃகு வீடுகள் எழுந்தது 1962. பாறையைக் காத்த வீடு 1964. சிறகுக் கூரை 1965. பாறைக்கு வழிவிட்ட ஊர் மனிதர்க்கு வழிவிடவில்லை. பாலையின் உரிப்பொருள் பிரிவு என்ற நம் இலக்கணம் இங்கும் பொய்க்கவில்லை. பிரிந்தவர் பாட்டில் இடம்பெறவில்லை என்பதுதான் வேறுபாடு.

மூன்றாவது ஐயம் நமக்கு அணுக்கமானது. பாம் ஸ்பிரிங்ஸின் தென்கிழக்கே அதே பள்ளத்தாக்கில் பேரீத்தந் தோப்புகள் பரந்து கிடக்கின்றன. அங்கே மெக்கா என்றே பெயர்கொண்ட சிற்றூரும் உண்டு. அங்கே பயிராகும் தக்லத் நூர் அல்ஜீரியாவிலிருந்து வந்தது. மஜ்ஹூல் மொராக்கோவிலிருந்து வந்தது. நோயால் அங்குள்ள தோப்புகள் அழிந்துகொண்டிருந்த வேளையில், 1927இல் 11 கன்றுகள் அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டன, பிழைத்தவை 9, அவையும் அவற்றின் வழிவந்த கன்றுகளும் 1936இல் இப்பள்ளத்தாக்கை அடைந்தன. பழத்தோடு பழத்துக்குரியவர்களின் அறிவும் வந்திருக்கலாம். வந்ததோ வேடம். இண்டியோ நகரத்துப் பேரீத்த விழா அரபுக் கதை உடுப்புகளில் ஆடியது. அப்பகுதி உயர்நிலைப்பள்ளி ஒன்று முறைத்துப் பார்க்கும் முண்டாசுக்காரன் உருவத்தைத் தன் விளையாட்டுச் சின்னமாகப் பல்லாண்டுகள் வைத்திருந்தது. அமெரிக்க அரபுகளின் அமைப்பு எதிர்ப்புத் தெரிவித்த பின்னரே 2014இல் அவ்வுருவை மாற்றியது. அதைத் தீட்டியவர்கள் வெறுப்பினால் தீட்டினர் என்று நாம் சொல்லவில்லை. பள்ளத்தாக்கை வாழவைத்த மரத்தின் தாயகத்தைப் போற்றுவதாகவே பலர் எண்ணினர். அறியாமையோடு கூடிய போற்றுதலும் அவமதிப்பாக முடியும் என்பதற்கு இது சான்று. மஜ்ஹூல் என்னும் அரபுச் சொல்லுக்கு ‘அறியப்படாதது’ என்பது பொருள். அப்பெயர் பழத்துக்கு மட்டுமா பொருந்துகிறது?

ஆண்டுக்கொருமுறை குழந்தைகளோடு வெயில்காய வரும் குடும்பத்தின் தலையில் இத்தனை பாரத்தையும் ஏற்றவேண்டுமா என்று அன்பர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஃப்ரேயும் நொய்ட்ராவும் எவர் வீட்டையும் எரிக்கவில்லை; அவர்தம் கலையின் மேல் அப்பழியைச் சுமத்துவது அறமன்று. அழகு பொய்யென்றும் நாம் சொல்லோம். ஆனால் பழைய பாணியை விரும்புவோர் தம்மை ஒரு காலத்தை விரும்புவோராகவே காட்டிக்கொள்கின்றனர். அக்காலத்தின் நாற்காலி, விளக்கு, கூரை, தேநீர்க் கோப்பையின் நிறம் ஆகிய அனைத்தும் வேண்டும் என்போர், அக்காலத்தின் மனிதர்களை மட்டும் வேண்டாம் என்பது எப்படி? ஒரு காலத்தைத் தேடிச் செல்வோர்க்கு அக்காலத்தின் கணக்கும் உரியதாகிறது.

குழந்தைகளைப் பற்றிய அச்சமும் வேண்டியதில்லை. பாலையின் வெயிலிலிருந்து மலையின் பனிக்குச் சில நிமிடங்களில் ஏற்றிச்செல்லும், 1963இல் திறந்த கம்பிவட ஊர்தியில் அவர்கள் மகிழட்டும், குளத்தில் நீந்தட்டும், சிறகுக் கூரையின் கீழ் நின்று படம் எடுத்துக்கொள்ளட்டும். மறுநாள் 14ஆம் பிரிவின் மண்ணிலேயே, வெந்நீர் ஊற்றின் அருகே, 2023இல் பழங்குடிகள் திறந்த அருங்காட்சியகத்துக்கும் அவர்களை அழைத்துச் செல்லலாம். விசிறிப்பனைகள் தாமே வளர்ந்து நிற்கும் பாம் கேன்யன் ஓடைக்கரையில் நடக்கவிடலாம். வழியில் ஒரு பேரீத்தம்பழக் கடையில் நிறுத்தி, இம்மரம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிக்கொடுக்கலாம். இதற்கு ஒருநாட் பொழுதே போதும், பயணம் கெட்டுவிடாது.

“இங்கே முன்பு யார் இருந்தார்கள்?” என்று எந்தக் குழந்தையும் எந்த வீட்டிலும் கேட்கும். வழிகாட்டி நூல்கள் அக்கேள்விக்கு வீட்டை வரைந்தவர் பெயரையும் அதில் தங்கிய நடிகர் பெயரையும் விடையாகத் தருகின்றன. அவ்விடை தவறன்று; பாதி விடை. மறுபாதியைச் சொல்லும் கடமை தந்தையுடையது, தாயுடையது, எழுதுகோல் பிடித்த நம் போன்றோருடையதும் ஆகும்.