பில்லிங் வழக்கு: நிறுவியதும் நழுவவிட்டதும்

கூகுள் பிளே பில்லிங் வழக்கில் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 25 அன்று 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோது, ஊர் முழுக்கப் பேசியது தொகையைத்தான். ஓர் உத்தரவை அபராதத்தின் கனத்தால் எடைபோட முடியாது. குற்றத்தை எவ்வளவு துல்லியமாக நிறுவியது, கட்டளையிட்ட பரிகாரம் பலித்ததா என்பவையே கேள்விகள். முதலாவதில் ஆணையம் நன்றாகவே தேறுகிறது. இரண்டாவதில் தேறவில்லை.

செயலிக்குள் டிஜிட்டல் சேவை விற்பவர் கூகுளின் பில்லிங் வழியாகவே பணம் வாங்க வேண்டும் என்ற கட்டாயத்தை ஆணையம் ஆதிக்க நிலையின் துஷ்பிரயோகம் என்றது. வாதத்தின் வலிமை நுணுக்கங்களில் இருக்கிறது. கூகுளின் சொந்த யூடியூபுக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்பதை எடுத்துக்காட்டியது. யுபிஐ விஷயத்தில் இன்னும் கூர்மை: கூகுள் பே என்றால் செயலி தானாகத் திறக்கும், பின் எண்ணைத் தட்டினால் முடிந்தது, மற்ற யுபிஐ செயலி என்றால் ஐடியைத் தட்டச்சு செய்து, கோரிக்கை வரக் காத்திருந்து, பிறகு ஒப்புதல் தர வேண்டும். வாடிக்கையாளர் எந்த இடத்தில் சலித்து விலகுவார் என்பது தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

பரிகாரத்துக்கு வருவோம். மாற்று பில்லிங்கைத் தடுக்கக் கூடாது என்றது உத்தரவு. கூகுள் வாங்கும் கட்டணம் அது தரும் சேவைக்குப் பொருந்தாததாக இருக்கக் கூடாது என்றும் சொன்னது. அந்தப் பொருத்தத்தை எதை வைத்து அளப்பது என்று சொல்லாமல் விட்டது. கூகுள் மாற்று பில்லிங்கை அனுமதித்து, கமிஷனில் 4 புள்ளிகளை மட்டும் குறைத்தது: 15 சதவீதம் 11 ஆனது, 30 சதவீதம் 26 ஆனது. கோவை சரவணம்பட்டியில் நாலு பேர் சேர்ந்து நடத்தும் ஒரு நிறுவனம் 199 ரூபாய்ச் சந்தா விற்பதாக வைத்துக்கொள்வோம். பழைய வழியில் கமிஷன் 29.85 ரூபாய், புதிய வழியில் 21.89. கார்டு கேட்வேக்கு 2 சதவீதம் போனால் மிச்சம் நாலு ரூபாய். அதற்காகத் தனி பில்லிங் எழுதி, ரீஃபண்ட் தகராறுகளையும் யார் சுமப்பார்கள்? உத்தரவின் எழுத்து நிறைவேறியது, நோக்கம் நிறைவேறவில்லை. அமெரிக்காவில் இதே உத்தி ஆப்பிளிடம் 27 சதவீதமாக வந்தபோது, 2025 ஏப்ரலில் நீதிமன்றம் அதை அவமதிப்பு என்றே தீர்த்தது.

கூகுள் தரப்பிலும் நியாயம் உண்டு. கடை நடத்தச் செலவு ஆகிறது. இலவசச் செயலிகள் கமிஷன் கட்டுவதில்லை. ஆண்ட்ராய்டில் வேறு கடை வைக்கத் தடையில்லை, போன்பே 2024இல் இண்டஸ் ஆப்ஸ்டோரைத் திறந்தது. ஆனால் ஈரோட்டு மஞ்சள் விவசாயியைப் பாருங்கள். ஒரு கூடத்தில் ஏலம் படியவில்லை என்றால் மூட்டையைப் பெருந்துறைக்கோ கோபிக்கோ கொண்டு போவார், வியாபாரிகள் அங்கேயும் வருவார்கள். செயலிக்காரர் புதுக் கடைக்குப் போனால் வாங்குபவர் அங்கே இல்லை. கமிஷன் நியாயமா என்பதற்கு முன்னால் விசாரிக்க வேண்டியது வாங்குபவர்கள் ஒரே கடையில் குவிந்திருக்கும் இந்த ஏற்பாட்டைத்தான்.

அடுத்த கட்டங்கள் குழப்பத்தைக் கூட்டின. கூகுளின் புதிய கட்டண முறையை எதிர்த்து பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட நிறுவனங்கள் தொடுத்த வழக்குகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் நிராகரித்தது. 2024 ஜனவரியில் டிவிஷன் பெஞ்சும் அதை உறுதி செய்தது. போட்டிச் சட்டம் தொடர்பானவை ஆணையத்துக்கே உரியவை என்ற தர்க்கம் சட்டப்படி கச்சிதம்தான். ஆனால் ஆணையமோ அளவை நிர்ணயிக்கத் தயங்கிய இடம். அந்த இடைவெளியில்தான் 2024 மார்ச் 1 அன்று கூகுள், கட்டணம் கட்டாத பத்து நிறுவனங்களின் செயலிகளை நீக்கத் தொடங்கியது. மத்திய அரசு தலையிட்ட பிறகே அவை திரும்பின. அமைச்சரை எட்டும் குரல் பெரிய நிறுவனங்களுக்கு இருந்தது, சரவணம்பட்டிக்கு இருக்காது.

2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் துஷ்பிரயோகத்தை ஏற்று, அபராதத்தை 216.69 கோடியாக்கியது. தொடர்புடைய வருவாயை மட்டும் கணக்கில் கொண்டது முறைப்படி சரி, அதில் குறைகாண ஒன்றுமில்லை. மேல்முறையீடுகள் இப்போது உச்ச நீதிமன்றத்தில் உள்ளன. அங்கே அபராதத் தொகை மீண்டும் ஏறினாலும் இறங்கினாலும் கோவைக்காரருக்கு ஒன்றுதான். தன் பில்லிங்கைத் தொடாத செயலியிடம் கூகுள் எந்தச் சேவைக்கு எவ்வளவு வாங்கலாம் என்று தீர்ப்பு இனம் பிரித்துச் சொல்கிறதா என்பதைத்தான் அவர் பார்ப்பார்.